மூன்று கொட்டேஷன்களில் எது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் கடைந்து தரும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் எங்களுடையது. இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. ஒன்றில், எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் ஓடும் ஈஆர்பி மென்பொருளும் (ஆர்டர், இருப்பு, பில் எல்லாம் அதில்தான்) கணக்கு மென்பொருளான டேலியும். மற்றொன்றில் வரைபடங்கள், கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரங்களுக்கான புரோகிராம்கள், தரச் சான்றுகள் என ஏறத்தாழ 3 டெராபைட். டெஸ்க்டாப்கள் 22. மிக்ஜாம் புயலின்போது தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது; காவலாளியும் இரண்டு ஊழியர்களும் சர்வர்களைத் தூக்கி மேசைமேல் வைத்ததால் தப்பினோம். இப்போது முதலாளி, நம்பகமான பேக்கப் அமைப்பு ஒன்று வேண்டும் என்கிறார். ஒரு விற்பனையாளர் நாஸ் பெட்டியை, அதாவது நெட்வொர்க்கில் இணைக்கும் நான்கு டிஸ்க் சேமிப்புப் பெட்டியைக் காட்டி, ‘ரெய்டு 5 இருக்கிறது, இதுவே பேக்கப்’ என்கிறார். இன்னொருவர் கிளவுட் பேக்கப்புக்கு ஒவ்வொரு கணினிக்கும் மாதச் சந்தா கேட்கிறார். முதலாளியின் அக்கா மகன், இலவச மென்பொருளும் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கும் போதும் என்கிறார். எதை நம்புவது?

— நிர்வாக மேலாளர், அம்பத்தூர்

பதில்: மூவரும் தங்களிடம் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் என்ன இருக்கிறது, அது நின்றுபோனால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள் என்று ஒருவரும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கொட்டேஷன்களைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு அதைப் பார்த்துவிடுவோம்.

ஈஆர்பி நின்றால் இன்வாய்ஸ் போட முடியாது, இ-வே பில் எடுக்க முடியாது, வாசலில் லாரி நிற்கும். அங்கே ஒரு மணி நேரப் பதிவு போனால் சீட்டுகளைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்துவிடலாம். ஒரு நாள் பதிவு போனால் கணக்குப் பிரிவு அழும். ஆகவே அதற்கு இழப்பு ஒரு மணி நேரத்துக்குள், மீட்பு அரை நாளுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடங்களின் குணம் வேறு. நேற்றைய மாற்றம் ஒன்று போனால் வரைவாளர் திரும்பப் போட்டுவிடுவார். ஆனால் பத்து மாதம் கழித்து அதே பாகத்துக்கு மறு ஆர்டர் வரும்போதுதான், யாரோ எப்போதோ அந்தக் கோப்பை அழித்திருப்பது தெரியவரும். அங்கே வேகம் பெரிதில்லை. எவ்வளவு பின்னோக்கிப் போக முடியும் என்பதே கேள்வி. டெஸ்க்டாப்களில் பெரும்பாலானவற்றில் காப்பாற்ற ஒன்றுமே இருக்காது. இருக்கவும் கூடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மூன்று தேவைகளையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ‘எதுவும் போகக்கூடாது, உடனே வர வேண்டும்’ என்று சொல்லும் முதலாளிகளும் அதற்கான விலையைப் பார்த்ததும் மணிக்கணக்கில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இனி முதல் விற்பனையாளர். ரெய்டு 5 பேக்கப் என்று சொல்பவரிடம் வேறு எதைக் கேட்டாலும் சற்று எச்சரிக்கையாகவே கேளுங்கள். நான்கு டிஸ்க்கில் ஒன்று செத்தால் வேலை நிற்காமல் ஓட வைப்பது ரெய்டு. அவ்வளவுதான் அதன் கடமை. ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நொடியில் ஒழுங்காக அழித்துத் தரும். பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டும் ரேன்சம்வேர் வந்தால், பூட்டப்பட்ட கோப்பையும் அதே பொறுப்புடன் காப்பாற்றும். பெட்டியே தண்ணீரில் மூழ்கினால் கேட்கவே வேண்டாம்.

அதற்காக நாஸ் பெட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. பேக்கப் வந்து சேரும் முதல் இடமாக அது நல்ல பெட்டி. சைனாலஜியின் பிளஸ் வரிசை போன்றவற்றில் விண்டோஸ் சர்வர்களையும் டெஸ்க்டாப்களையும் இயங்குதளம் முதல் கோப்பு வரை அப்படியே முழுதாகப் படமெடுக்கும் பேக்கப் மென்பொருள், கணினிக்கு இத்தனை என்று தனிக் கட்டணம் இல்லாமல் கூடவே வருகிறது. உங்கள் அளவுள்ள நிறுவனத்துக்கு அது கணிசமான மிச்சம். ஆனால் சில நிபந்தனைகள். பெட்டி மாடியில் இருக்க வேண்டும். சர்வருக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். யுபிஎஸ் கட்டாயம். எந்தக் காரணத்துக்காகவும் அதை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். ‘வீட்டிலிருந்தே பார்க்கலாம் சார்’ என்று ரௌட்டரில் போர்ட் திறந்துவிட்டுப் போகும் வழக்கம் நம் ஊரில் நிறைய. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் உலகெங்கும் க்யூநாப் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு கியூலாக்கர். இரண்டும் நுழைந்தது இணையத்துக்குத் திறந்திருந்த பெட்டிகளில்தான்.

இன்னொரு நிபந்தனை இவை எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் விண்டோஸ் டொமைனின், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான பயனர் ஏற்பாட்டின், நிர்வாகி கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டிக்குள் யாரும் நுழைய முடியக்கூடாது. டொமைனில் சேர்க்காமல், தனிப் பயனர், தனிக் கடவுச்சொல், முடிந்தால் கைப்பேசிச் சரிபார்ப்புடன் வைக்கச் சொல்லுங்கள். இன்றைய ரேன்சம்வேர் கும்பல்கள் உள்ளே வந்ததும் உடனே கோப்புகளைப் பூட்டுவதில்லை. முதலில் நிர்வாகி கடவுச்சொல்லைப் பிடிக்கிறார்கள், பிறகு பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் அழிக்கிறார்கள், விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் நிழற்பிரதிகளையும் ஒரு கட்டளையில் துடைக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் பூட்டு. பேக்கப் மென்பொருளின் ஓட்டைகளையே வாசலாகப் பயன்படுத்திய கும்பல்களும் உண்டு.

மேர்ஸ்க் கதை இங்கே பொருந்தும். 2017 ஜூன் மாத இறுதியில் நாட்பெட்யா என்ற நாசக்கிருமி டென்மார்க்கின் அந்தக் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவரே பின்னர் சொன்னார். யார் யார் உள்ளே நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் பல நாடுகளில் இருந்தன. ஒன்றில் உள்ளது எல்லாவற்றிலும் உண்டு, ஆகவே கவலையில்லை என்ற நம்பிக்கை. அத்தனையும் ஒன்றாகவே துடைக்கப்பட்டன. தப்பியது கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும். தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. அந்த டிஸ்க்கை ஆள் கையில் கொடுத்து விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, அதை வைத்துத்தான் மீண்டும் கட்டினார்கள். மின்வெட்டுக்கு நன்றி சொன்ன நிறுவனம் வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்த மின்வெட்டை நீங்கள் வாரம் ஒரு முறை வேண்டுமென்றே உருவாக்கிக்கொள்ள வேண்டும்: எடுத்து முடித்ததும் கழற்றி வைக்கப்படும் ஒரு டிஸ்க்.

அதனால்தான் முதலாளியின் அக்கா மகனை நான் ஒதுக்கமாட்டேன். அவர் சொல்லும் யூஎஸ்பி டிஸ்க், கழற்றி வைக்கப்பட்டால் மூவரும் சொன்னவற்றில் மிகவும் வலுவான பாதுகாப்பு. பூட்டவும் முடியாது, இணையம் வழியாக அழிக்கவும் முடியாது. நடைமுறையில் என்ன ஆகிறது? சர்வரின் பின்புறத்தில் செருகியபடியே மாதக்கணக்கில் தொங்கும். அப்படித் தொங்கினால் அது சர்வரின் இன்னொரு டிரைவ், அவ்வளவே. ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். சனிக்கிழமை ஒன்று முதலாளி வீட்டுக்குப் போகட்டும், மற்றது அலுவலகத்துக்கு வரட்டும். இரண்டுமே ஒரே நேரத்தில் ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது. டிஸ்க்கை மறைகுறியாக்கம் செய்து அனுப்புங்கள். பைக்கில் போகும்போது தொலைந்தால் உங்கள் வாடிக்கையாளரின் வரைபடங்கள் தெருவுக்குப் போகக்கூடாது.

இலவச மென்பொருளிலும் தவறில்லை. வீம் என்ற பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்பு உங்கள் இரண்டு சர்வர்களுக்குத் தாராளமாகப் போதும். அர்பேக்கப் போன்ற திறமூல மென்பொருள்கள் விண்டோஸ் கணினிகளை நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. என் தயக்கம் வேறு. அந்தத் தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால், நள்ளிரவில் அதை யார் மீட்பார்? விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு நான் பரிந்துரை செய்யும்போதெல்லாம், அழைத்தால் எடுக்கும் ஆள் ஒருவர் மறுமுனையில் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் காரணம்.

கிளவுட் விற்பனையாளரிடம் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். உங்கள் 3 டெராபைட்டை நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், ஒரு நொடி கூடத் தடைபடாமல், அலுவலகத்தில் வேறு யாரும் இணையத்தைத் தொடாமல் இறக்கினால் ஏறத்தாழ 67 மணி நேரம். கிட்டத்தட்ட மூன்று நாள். நடைமுறையில் இன்னும் கூடும். அதே அளவு, உள்ளூர் நாஸிலிருந்து ஜிகாபிட் கேபிளில் வந்தால் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே கிளவுட் உங்கள் முதல் மீட்பு வழியாக இருக்க முடியாது. மாடியும் மூழ்கினால், தீப்பிடித்தால், பெட்டியே திருடு போனால் என்ற நாளுக்கான வழி அது. ஈஆர்பி தரவுத்தளம், டேலி, நடப்பு ஆர்டர்களின் வரைபடங்கள் ஆகியவற்றை மட்டும் அங்கே அனுப்பினால் சந்தாவும் பாதிக்கு மேல் குறையும். 22 டெஸ்க்டாப்புக்கும் மாதச் சந்தா என்பது அவருடைய தேவை.

கேட்க வேண்டிய கேள்விகள் சில. உங்கள் நிர்வாகத் திரையின் கடவுச்சொல் ஒருவன் கையில் சிக்கினால், கிளவுடில் இருக்கும் பழைய பேக்கப்புகளை அவன் அழிக்க முடியுமா? ‘முடியும்’ என்றால் அந்தக் கொட்டேஷன் வேண்டாம். குறிப்பிட்ட நாள் வரை யாராலும், உங்களாலும்கூட, அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இப்போது பெரிய சேவைகளில் எல்லாம் இருக்கிறது, எழுத்தில் வாங்குங்கள். சந்தாவை நிறுத்திய பிறகு பழைய பேக்கப்பை மீட்க அனுமதி உண்டா? அடுத்து, தரவு எந்த நாட்டில் இருக்கிறது? இது உங்களுக்குச் சட்டக் கேள்வி. கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றின் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்று நிறுவனக் கணக்கு விதிகள் சொல்கின்றன. குறிப்பிட்ட கால இடைவெளியில் என்று இருந்தது 2022 ஆகஸ்டில் தினந்தோறும் என்று திருத்தப்பட்டது. நீங்கள் பிரைவேட் லிமிடெட், ஆகவே இது உங்களுக்கும் உண்டு. மும்பையில் தரவு மையம் வைத்திருக்கும் சேவைகள் இருக்கும்போது சிங்கப்பூரில் வைப்பானேன்? கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது நிறுவனச் சட்டம். எனவே ஆண்டு முடிவுப் பிரதிகளைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். முப்பது நாள் தானே சுழன்று அழியும் ஏற்பாட்டில் அவை சிக்கக்கூடாது.

கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ இருக்கிறதே என்று யாராவது சொன்னால்: அவை ஒத்திசைவு. இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தாங்கும். பத்து மாதத்துக்கு முந்தைய வரைபடத்தைத் தேடும் உங்களுக்கு அது உதவாது.

இப்போது எதை நம்புவது என்ற உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். பெயர் பெற்ற நிறுவனமா, புதியதா என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வாங்குவதற்கு முன் அவர்கள் உங்கள் கண்முன்னே மீட்டுக் காட்டினார்களா என்பதுதான். பேக்கப் எடுக்காத மென்பொருள் சந்தையில் இல்லை. எல்லாமே பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று காட்டும்.

கிட்லாப் என்பது உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை. 2017 ஜனவரி 31 அன்று, இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த அதன் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்பகத்தை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே மிஞ்சியது. அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். தினசரி எடுக்க வேண்டிய பிரதி எடுக்கப்படவே இல்லை. எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6 பதிப்பு, ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் தோற்றிருக்கிறது. தோற்றதும் மின்னஞ்சல் வர வேண்டும்; அந்த மின்னஞ்சலைப் பெறும் சர்வர் ஏற்க மறுத்திருக்கிறது. கிளவுட் டிஸ்க்கின் அந்த நேர நிலையைப் பதிவுசெய்யும் ஸ்னாப்ஷாட் அந்தச் சர்வருக்கு இயக்கப்படவே இல்லை. கடைசியில் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி கைகொடுத்தது. அதை நகலெடுக்க மட்டும் பல மணி நேரம் பிடித்தது. இவற்றை எல்லாம் அவர்களே விவரமாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. கணினித் துறையையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது நடந்தது.

எனவே இரண்டு விற்பனையாளர்களிடமும் ஒரு மாதச் சோதனைக் காலம் கேளுங்கள். வீம், அக்ரோனிஸ் போன்றவை அதைக் கொடுக்கவே செய்கின்றன. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், முன்னறிவிப்பு இல்லாமல், மூன்று வேலைகளைச் சொல்லுங்கள். சென்ற செவ்வாய்க்கிழமை இருந்த நிலையில் ஒரு வரைபடம் வேண்டும். ஈஆர்பி தரவுத்தளத்தை வேறொரு கணினியில் மீட்டு, உங்கள் கணக்காளர் உள்ளே நுழைந்து நேற்றைய கடைசி இன்வாய்ஸ் எண்ணைப் படிக்க வேண்டும். ஈஆர்பி சர்வர் முழுவதையும் வேறு தயாரிப்புக் கணினி ஒன்றில் எழுப்பிக் காட்ட வேண்டும், ஏனென்றால் எரிந்துபோன சர்வருக்கு இணையான அதே மாடல் அன்றைக்குக் கடையில் கிடைக்காது. விற்பனையாளரின் பொறியாளர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. அவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து உங்கள் ஆள் செய்ய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி கையெழுத்திட்ட தாளில் இருக்கும் மணி நேரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். தேர்வு தானாக நடந்துவிடும்.

ஈஆர்பி பற்றி ஒரு நுணுக்கம். உங்களிடம் இருப்பது எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பா என்று பாருங்கள். அதில் நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் வசதி கிடையாது. ‘பேக்கப் போட்டு வைத்திருக்கிறேன்’ என்று மென்பொருள்காரர் சொல்லியிருந்தால், எது அதை ஓட்டுகிறது என்று கேளுங்கள். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலராக இருக்கலாம், நிறுவிய நாளில் கையால் எடுத்த ஒரே பிரதியாகவும் இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுத்து வைப்பதில் பயனில்லை. முழுப் பிரதி இரவில், அதன்பின் நடந்த மாற்றங்களைக் குறித்துவைக்கும் பரிவர்த்தனைப் பதிவின் பிரதி மணிக்கு ஒரு முறை என்று அமைத்தால்தான் ஒரு மணி நேர இழப்பு என்ற இலக்கு கைகூடும். டேலியையும் எல்லோரும் வெளியேறிய பின் எடுப்பது நல்லது.

டெஸ்க்டாப்கள். வடிவமைப்பாளர்கள் கோப்புகளை டெஸ்க்டாப்பில் வைப்பார்கள். எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் வைப்பார்கள். அவர்களைத் திருத்துவதைவிட, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைச் சர்வருக்குத் திருப்பிவிடுவது சுலபம். அதன் பிறகு, வரைந்து இயந்திர புரோகிராம் தயாரிக்கும் கேட்கேம் மென்பொருளும் அதன் லைசென்ஸும், அதை ஒவ்வொரு இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் புராசசர்களும் உள்ள நான்கைந்து கணினிகளை மட்டும் முழுப் படமாக எடுங்கள், ஏனென்றால் அவற்றைப் புதிதாக அமைக்க நாள்கணக்கில் ஆகும். மீதிக்கு, நன்றாக அமைத்த ஒரு கணினியின் படம் ஒன்று போதும். ஜிஎஸ்டிக்கும் டெண்டருக்கும் பயன்படுத்தும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை எந்த மென்பொருளும் நகலெடுக்காது. அது தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் இப்படி வாங்குவேன்: மாடியில் நாஸ், கூடவே வரும் மென்பொருளுடன், மாற்றி மாற்றிப் போகும் இரண்டு யூஎஸ்பி டிஸ்க், மும்பையில் பூட்டு வசதியுடன் சில நூறு ஜிபி கிளவுட் இடம். தினசரிப் பிரதிகள் முப்பது, மாதப் பிரதிகள் இருபத்து நான்கு, ஆண்டுப் பிரதிகள் எட்டு. மறைகுறியாக்கச் சாவியைத் தாளில் அச்சிட்டு முதலாளியின் வீட்டு லாக்கரில் ஒன்று, ஆடிட்டரிடம் உறையிலிட்டு ஒன்று. சாவி சர்வருக்குள்ளேயே இருந்து சர்வர் போனால் பேக்கப்பும் வெறும் இரைச்சல்தான். தினமும் காலையில் வரும் அறிக்கை மின்னஞ்சலைப் பார்க்க ஒருவர் பெயரைக் குறிப்பிடுங்கள். மின்னஞ்சல் வராத நாளே எச்சரிக்கை நாள் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள். காலாண்டுக்கு ஒரு முறை அந்த மூன்று மீட்பு வேலைகளையும் திரும்பச் செய்ய வேண்டும், விற்பனையாளரின் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். ரேன்சம்வேர் தாக்கினால் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 உத்தரவும் இருக்கிறது. அந்தத் தாளை மீட்புக் குறிப்புகளோடு சேர்த்தே வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சிஎன்சி புரோகிராம்கள் சர்வரில் இருக்கின்றன என்கிறீர்கள். இயந்திரங்களின் பாராமீட்டர்கள், அதாவது அவற்றின் அடிப்படை அமைப்பு எண்கள், எங்கே இருக்கின்றன? ஃபானுக் நிறுவனத்தின் கன்ட்ரோல் உள்ள இயந்திரங்களில் அவை ஒரு சிறு பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நிற்கின்றன. பேட்டரி தீர்ந்துபோனால் பாராமீட்டர், கருவிகளின் அளவுத் திருத்தமான ஆஃப்செட் எல்லாம் போய், இயந்திரம் தன்னையே மறந்துவிடும். சர்வீஸ் பொறியாளர் வரும்வரை அது இரும்புப் பெட்டி. ஒவ்வொரு இயந்திரத்தின் பாராமீட்டரையும் மெமரி கார்டில் எடுத்து, வரிசை எண்ணைப் பெயராக வைத்து சர்வரில் போடச் சொல்லுங்கள். பேட்டரி எச்சரிக்கை திரையில் மின்னினால் அதே வாரம் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கன்ட்ரோலின் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பராமரிப்பு ஆட்கள் பாதுகாப்புக்காக மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தால், அந்த இயந்திரத்தின் கதவிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.